ஏன் மைனஸ் 1.3, சித்தப்பா? ஸ்டாக்ஃபிஷ், லீலா, மாயா: ஒரு பழைய லேப்டாப்பிலிருந்து விமர்சனம்

அண்ணன் மகன் வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வருவான். பதினோரு வயது, மாவட்ட அளவுச் சதுரங்கப் போட்டிகளில் ஆடுகிறான். ஆடிய ஆட்டங்களை எழுதிய தாள்களைக் கையோடு கொண்டுவருவான், இருவரும் உட்கார்ந்து என் லேப்டாப்பில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் வெள்ளையில் ஆடித் தோற்ற ஆட்டம். இருபதாவது நகர்வில் இரண்டு பக்கமும் காய் சமம், மிரட்டல் எதுவும் இல்லை, பார்த்தால் சாதுவான நிலை. ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜின், அதாவது நிலையை எடைபோட்டு நல்ல நகர்வைச் சொல்லும் சதுரங்க நிரல், மைனஸ் 1.3 என்று காட்டியது. வெள்ளைக்குப் பாதகம் என்று அர்த்தம்.

"ஏன் மைனஸ் 1.3, சித்தப்பா?"

எனக்குத் தெரியவில்லை. இன்ஜின் காட்டிய வரிசையைப் பதினான்கு நகர்வு தள்ளிப் பார்த்தேன். அங்கேயும் காய் சமம்தான், எண் மட்டும் மைனஸ் 1.6 ஆகியிருந்தது. "அது சொன்னா சரியாத்தான்டா இருக்கும்" என்று மழுப்பினேன். பையன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கணக்கு வாத்தியார் விடையை மட்டும் எழுதிப்போட்டுவிட்டு வழிமுறையைச் சொல்லாமல் போனால் பார்ப்போமே, அந்தப் பார்வை பார்த்தான்.

அந்தப் பார்வைக்காகத்தான் இந்த மூன்று மாத வேலை. இலவசமாகக் கிடைக்கும் இன்ஜின்களை மாற்றி மாற்றி ஓட்டி, எது எங்களுக்கு உதவும், எது உதவாது என்று பார்த்தேன். என்னைப் பற்றி ஒரு வரி: கிளப் அளவு ஆட்டக்காரன், அதிலும் சுமார் ரகம். லேப்டாப் ஆறு வருடப் பழசு, ஐ5, எட்டு ஜிபி நினைவகம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. கேமிங் கணினி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்கிற சில விஷயங்கள் பொருந்தாது, அதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஸ்டாக்ஃபிஷ். காசு கிடையாது, இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இறக்கி இரட்டைச் சொடுக்கு சொடுக்கினால் ஒரு கறுப்பு ஜன்னல் மட்டும் திறந்து கம்மென்று நிற்கும். பலகை எங்கே, காய் எங்கே என்று தேடாதீர்கள். இது வெறும் இன்ஜின்தான், வண்டி நாம்தான் கொண்டுவர வேண்டும். அரீனா மாதிரி ஓர் இலவச பலகை நிரலைப் போட்டு அதற்குள் இதைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. போனில் வேண்டுமென்றால் டிராய்டுஃபிஷ் போதும், ஐந்து நிமிடத்தில் போன் இஸ்திரிப்பெட்டி மாதிரி சூடாகும் என்பதைத் தவிர குறையில்லை.

என் லேப்டாப்பில் இது நொடிக்கு இருபது, இருபத்தைந்து லட்சம் நிலைகளைப் பார்க்கிறது. விசிறி கத்துகிற கத்தலில் அம்மா அடுத்த அறையிலிருந்து "என்னடா மிக்ஸியா ஓடுது" என்று கேட்டார். பலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உலக சாம்பியனே எதிரில் உட்கார்ந்தாலும் இந்தப் பழைய லேப்டாப்பில் ஓடுகிற ஸ்டாக்ஃபிஷ்தான் ஜெயிக்கும். அதனால் இங்கே பலத்துக்கு மதிப்பெண் போடுவது வீண். எனக்கு இருக்கிற கேள்வி வேறு: இது எதை வைத்து மைனஸ் 1.3 என்கிறது? அதன் அறிவு எங்கே இருக்கிறது?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேகமா அறிவா என்ற பஞ்சாயத்து, 1950-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரையிலேயே தொடங்கிவிட்டது. எல்லா நகர்வுகளையும் ஒரு குறிப்பிட்ட ஆழம் வரை கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும் முறையை ஏ வகை என்றார், நல்ல நகர்வுகளை மட்டும் பொறுக்கியெடுத்து அவற்றை ஆழமாகப் பார்ப்பதை பி வகை என்றார். அவருக்கு பி வகைதான் பிடித்திருந்தது. மனிதன் அப்படித்தானே ஆடுகிறான், இயந்திரமும் அப்படி ஆடினால்தானே நன்றாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். உலக சாம்பியனாக இருந்த பொத்வின்னிக்கே, தன் தலைக்குள் இருப்பதை ஒரு நிரலுக்குள் இறக்கிவிடலாம் என்று பல வருடம் உழைத்தார். பயனீர் என்று பெயர். அது ஒரு முழு ஆட்டம்கூட ஆடியதில்லை.

ஜெயித்தது ஏ வகைதான். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் ஜோ காண்டனும் செய்த பெல் என்ற இயந்திரம் நொடிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் நிலைகளைப் பார்த்தது, 1980-இல் கணினிகளுக்கான உலகப் பட்டத்தை வாங்கியது. தாம்சன் அதை அதனுடனேயே மோதவிட்டுப் பார்த்தார்: ஒரு பக்கத்துக்கு ஓர் அடுக்கு ஆழம், அதாவது ஒருவருடைய ஒரு நகர்வு, கூடுதலாகக் கொடுத்தால் ஆட்டத் தரத்தை அளக்கும் ஈலோ புள்ளி சுமார் இருநூறு ஏறியது. இதைப் பார்த்தபின் யார் உட்கார்ந்து "பிஷப் ஜோடி நல்லது, கோட்டை கட்டிய ராஜா முன்னால் சிப்பாயைத் தள்ளாதே" என்றெல்லாம் நிரல் எழுதுவார்கள்? வேகத்தைக் கூட்டு, ஆழம் தானாக வரும்.

ஆனால் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை, அதுதான் இதில் ருசியே. ஐபிஎம் செய்த டீப் ப்ளூ இயந்திரம் என்றாலே நொடிக்கு 20 கோடி நிலைகள் என்ற எண்தான் எல்லோருக்கும் நினைவு வரும். 1996-இல் உலக சாம்பியன் காஸ்பரோவிடம் 4-2 என்று தோற்றபின் ஐபிஎம் ஆட்கள் வேகத்தோடு நிற்கவில்லை. சதுரங்கச் சில்லையே புதிதாக வடிவமைத்தார்கள், நிலையை எடைபோடும் விதிகளை அதற்குள் கூட்டினார்கள், கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமினை உடன் உட்காரவைத்துச் சரிபார்த்தார்கள். 480 சில்லுகள். 1997-இல் 3.5-2.5. அவர்கள் செய்த தந்திரம் என்னவென்றால், அறிவைச் சில்லுக்குள் கம்பியாகவே போட்டுவிட்டார்கள், அதனால் எத்தனை விதி சேர்த்தாலும் வேகம் பெரிதாகக் குறையவில்லை. மென்பொருளில் இந்தச் சலுகை கிடையாது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு விதியும் ஒவ்வொரு நிலையிலும் ஓட வேண்டும், ஓடுகிற நேரத்துக்கு ஆழம் குறையும். கல்யாண வீட்டில் பந்திக்கு ஒருத்தரைக் கூடுதலாக நிறுத்தினால் பரிமாறல் நன்றாக இருக்கும், ஆனால் அந்த ஆளுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும், அந்த மாதிரி.

வேகமில்லாமல் அறிவை வைத்தே ஜெயித்ததற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2009. பியூனஸ் அயர்ஸில் மெர்கோசூர் கோப்பை என்ற போட்டி. அதில் பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 ஆடியது, ஓடியது ஓர் எச்டிசி போனில். உள்ளே இருந்தது மார்க் யுனியாக் எழுதிய ஹையார்க்ஸ் இன்ஜின், அறிவு கனத்த, மெதுவான இன்ஜின் என்று அந்தக் காலத்திலேயே பெயர் வாங்கியது. நொடிக்கு இருபதாயிரம் நிலைகளுக்கும் குறைவாகத்தான் பார்த்தது. டீப் ப்ளூவின் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பத்து ஆட்டத்தில் ஒன்பதரைப் புள்ளி எடுத்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற சாமான்!

நம்ம ஊர்க்காரர் ஒருவரும் இந்தக் கதையில் இருக்கிறார். 1998-இல் ஆனந்த், எட் ஷ்ரோடர் எழுதிய ரெபெல் 10 நிரலுடன் எட்டு ஆட்டம் ஆடினார். மொத்தத்தில் ரெபெல் 5-3. ஆனால் பிரித்துப் பாருங்கள்: ஐந்து நிமிட ஆட்டங்களில் 3-1 என்று வாங்கிக்கட்டிக்கொண்டார், பதினைந்து நிமிட ஆட்டங்களில் 1.5-0.5 என்று தோற்றார், போட்டி நேரத்தில் ஆடிய இரண்டு நீண்ட ஆட்டங்களில் 1.5-0.5 என்று ஆனந்த்தான் ஜெயித்தார். யோசிக்க நேரம் இருந்தால் மனிதனின் அறிவு அன்றைக்கு இன்னும் தாக்குப்பிடித்தது.

சரி, ஸ்டாக்ஃபிஷுக்கு வருவோம். 2008-இல் தொடங்கியது. 2013-இலிருந்து ஃபிஷ்டெஸ்ட் என்ற ஏற்பாடு வந்தது: யாராவது ஒரு மாற்றம் சொன்னால், உலகம் முழுக்கத் தன்னார்வலர்களின் கணினிகளில் பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் ஆயிரக்கணக்கில் ஆட்டம் வைப்பார்கள், தேறினால்தான் உள்ளே. இதில் மண்ணைக் கவ்விய சதுரங்க ஞானம் ஏராளம். புத்தகத்தில் படித்தால் சத்தியவாக்கு மாதிரி இருக்கும் விதி, நிரலில் சேர்த்தால் வேகத்தைத் தின்றுவிட்டுப் பலத்தில் ஒன்றும் தராது. அதைவிட வேடிக்கை, ஏற்கெனவே உள்ளே இருக்கும் விதியை எடுத்துப்பார்த்து, பலம் குறையவில்லை என்றால் நிரந்தரமாகத் தூக்கிவிடுவார்கள். இரக்கமே இல்லாமல் வீட்டைச் சுத்தம் செய்யும் அம்மா போல.

அப்புறம் இன்னொன்று, வேகம் என்றால் வெறும் முரட்டுத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கே பார்க்க வேண்டாம் என்பதுதான் ஸ்டாக்ஃபிஷின் பெரிய ஞானம். ஓர் உதாரணம்: எதிராளிக்கு இலவசமாக இன்னொரு நகர்வைக் கொடுத்துப் பார்க்கும். அப்படிக் கொடுத்தும் தன் நிலை தேவைக்கு மேல் நன்றாக இருந்தால், "இந்தக் கிளையில் இனி என்ன பார்க்க, மேலே போ" என்று மூடிவிடும். பட்டியலில் பின்னால் வரும் நகர்வுகளை ஆழம் குறைத்து மேலோட்டமாகப் பார்க்கும், ஏதாவது மின்னினால் மட்டும் திரும்பி வந்து சரியாகப் பார்க்கும். ஆக ஷானன் சொன்ன பி வகை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12-தான் பெரிய திருப்பம். அதுவரை நிலையை எடைபோட்டது மனிதர்கள் எழுதிய விதிகள். 12-இல் என்என்யூஈ என்ற சிறிய நியூரல் நெட்வொர்க், அதாவது உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்கும் கணக்கு வலை, உள்ளே வந்தது. யூ நாசு என்ற ஜப்பானியர் ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்துக்காக 2018-இல் கண்டுபிடித்தது. இதன் சூட்சுமம் ரொம்ப அழகு, ஒரு பத்தி கொடுத்தே ஆக வேண்டும்.

நெட்வொர்க்கின் முதல் அடுக்குக்குள் போகும் கேள்விகள் 40,960. ராஜா இந்தக் கட்டத்தில் இருக்கும்போது, இந்த நிறத்து இந்தக் காய் அந்தக் கட்டத்தில் இருக்கிறதா, ஆமா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. ராஜாவுக்கு 64 கட்டம், மற்ற காய்களுக்கு 640 சாத்தியம், பெருக்கினால் 40,960. இதை ஒவ்வொரு நிலைக்கும் முதலிலிருந்து கணக்குப்போட்டால் நாய் படாத பாடு. ஆனால் ஒரு நகர்வில் மாறுவது என்ன? குதிரை ஓரிடத்தை விட்டு இன்னோரிடம் போகிறது, இரண்டு மூன்று கேள்விகளுக்குத்தான் விடை மாறும். அதனால் பழைய கூட்டுத்தொகையை அப்படியே வைத்துக்கொண்டு, போனதைக் கழித்து வந்ததைக் கூட்டினால் போதும். மளிகைக்கடை அண்ணாச்சி முழு பில்லையும் மறுபடி போடாமல், திருப்பிக்கொடுத்த சோப்பைக் கழித்து வாங்கிய ஷாம்புவைச் சேர்ப்பாரே, அதேதான். கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், சாதாரண பிராசசரே போதும். வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, அதை என் லேப்டாப்பிலேயே பார்க்கிறேன், 11-ஆம் பதிப்பு 15-ஐவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகமாக ஓடுகிறது. ஆனால் பாதி வேகத்தில் ஓடும் புதியது பழையதைப் பந்தாடுகிறது. எழுபது வருடச் சண்டையில் வேகத்தை விற்று அறிவை வாங்கி, அப்படிப் பெரிய லாபம் பார்த்த வியாபாரம் எனக்குத் தெரிந்து இதுதான்.

அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவாரசியம். ஸ்டாக்ஃபிஷே கோடிக்கணக்கான நிலைகளைத் தேடிப் பார்த்துக் கொடுத்த மதிப்புகளை வைத்துத்தான் முதலில் நெட்வொர்க்கைப் பழக்கினார்கள், பின்னால் லீலாவின் ஆட்டங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அதாவது அந்த அறிவு என்பதே முன்கூட்டித் தேடி வைத்த தேடல். ராத்திரியே அரைத்துப் புளிக்கவைத்த மாவு. காலையில் ஊற்றி எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

இப்போது என் குறை. 2024 பிப்ரவரியில் வந்த 16.1-இல், மனிதர்கள் எழுதிய அந்தப் பழைய மதிப்பீட்டு விதிகளை மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள். பலத்துக்கு அது தேவையில்லை, ஃபிஷ்டெஸ்ட் கணக்குப்படி நியாயம். ஆனால் என் அண்ணன் மகனுக்கு? அதுவும் போக, 15.1-இலிருந்து அந்த எண்ணின் அர்த்தமே மாறிவிட்டது. பிளஸ் 1 என்றால் ஒரு சிப்பாய் அதிகம் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். இப்போது அதற்கு ஜெயிக்கும் வாய்ப்பு ஐம்பது சதவீதம் என்று அர்த்தம். ஆக மைனஸ் 1.3 என்பது ஒன்றேகால் சிப்பாய் நஷ்டம் அல்ல, "எதிராளி ஒழுங்காக ஆடினால் தோற்பாய் என்பதே அதிக சாத்தியம்" என்ற ஜோசியம். ஜோசியர் சரியாகச் சொல்கிறார், எந்தக் கட்டத்தில் எந்தக் கிரகம் என்று மட்டும் சொல்ல மாட்டார்.

அதனால் ஒரு வேலை செய்தேன். 2020 ஜனவரியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 11-ஐத் தேடி இறக்கினேன். பலகை நிரல் எதுவும் வேண்டாம், அந்தக் கறுப்பு ஜன்னலையே திறந்து, நிலையைக் கொடுத்துவிட்டு, இவால் (eval) என்று ஒரு சொல்லைத் தட்டினால் ஓர் அட்டவணை கொட்டும். சிப்பாய் அமைப்பு, குதிரைகள், பிஷப்கள், யானைகள், காய்களின் நடமாட்டம், ராஜாவின் பாதுகாப்பு, மிரட்டல்கள், கடந்துபோன சிப்பாய்கள், இடவசதி என்று வரிசை வரிசையாக, வெள்ளைக்கு எவ்வளவு கறுப்புக்கு எவ்வளவு, நடு ஆட்டத்துக்கு ஒரு கணக்கு கடைசி ஆட்டத்துக்கு ஒரு கணக்கு. பையனின் நிலையைப் போட்டேன். மொத்தம் மைனஸ் 0.8-தான், 11-ஆம் பதிப்புக்கு அந்த நிலை அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. ஆனால் நடமாட்டம் வரிசையில்தான் பெரிய ஓட்டை. பலகையைப் பார்த்தோம். அவனுடைய பிஷப் சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது, யானை இரண்டும் முதல் வரிசையிலேயே தூங்கின. "ஓ, போக இடமே இல்லையா" என்றான். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அந்த நொடியில் உலகத்தின் வலிமையான இன்ஜினைவிட நான்கைந்து வருடப் பழைய பதிப்பு எனக்கு உபயோகமாக இருந்தது.

ஓர் எச்சரிக்கை: அந்த அட்டவணை தேடலே செய்யாமல் நிலையை ஒரே பார்வையில் எடைபோடுவது. அடுத்த நகர்வில் ராணி வெட்டுப்பட்டாலும் அதற்குத் தெரியாது. அமைதியான நிலைகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

அடுத்து லீலா. முழுப்பெயர் லீலா செஸ் ஜீரோ. 2017 டிசம்பரில் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம், தனக்குத்தானே ஆடிக் கற்ற ஆல்ஃபாஜீரோ என்ற நியூரல் நெட்வொர்க் இன்ஜினை அறிவித்தபோது ஸ்டாக்ஃபிஷ் 8-உடன் நூறு ஆட்டம், 28 வெற்றி, 72 டிரா, தோல்வி இல்லை. வேகத்தைக் கேளுங்கள்: ஸ்டாக்ஃபிஷ் நொடிக்கு 7 கோடி நிலைகள், ஆல்ஃபாஜீரோ வெறும் 80 ஆயிரம். ஸ்டாக்ஃபிஷுக்குக் கொடுத்த நினைவகம் போதாது, நேர ஏற்பாடு சரியில்லை என்று அப்போது பெரிய சர்ச்சை, அதில் நியாயமும் இருந்தது. 2018-இல் வந்த முழுக் கட்டுரையில் ஆயிரம் ஆட்டத்தில் 155 வெற்றி, 6 தோல்வி. ஆல்ஃபாஜீரோ வெளியே விற்பனைக்கு வரவே இல்லை. அதே யோசனையில் ஊர்கூடித் தேர் இழுத்த மாதிரி தன்னார்வலர்கள் கட்டியதுதான் லீலா. 2019-இல் டிசிஇசி என்ற இன்ஜின்களுக்கான போட்டியின் பதினைந்தாவது பருவ இறுதியில் ஸ்டாக்ஃபிஷை 53.5-46.5 என்று வீழ்த்தியது. என்என்யூஈ வந்தபின் ஸ்டாக்ஃபிஷின் கை மறுபடி ஓங்கிவிட்டது.

என் லேப்டாப்பில் லீலா ஓடுகிறது என்று சொல்வதைவிட நொண்டுகிறது என்று சொல்லலாம். பெரிய நெட்வொர்க்கைப் போட்டால் நொடிக்குச் சில பத்து நிலைகள். பத்துலட்சம் இல்லை, வெறும் பத்து. சின்ன நெட்வொர்க் போட்டால் பரவாயில்லை. நிறுவுவதும் வம்பு: எந்தக் கட்டமைப்பு, எந்த நெட்வொர்க் கோப்பு என்று தேர்ந்தெடுப்பதற்குள் ஒரு மாலைப்பொழுது போய்விட்டது, முதல் தடவை கிராபிக்ஸ் கார்டுக்கான பதிப்பை இறக்கிவிட்டு ஏன் திறக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் உங்கள் அனுபவம் வேறாக இருக்கும்.

ஆனால் அந்தச் சில பத்து நிலைகளிலேயே லீலா ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து வாயைப் பிளந்தேன். திறப்பில், அமைதியான நடு ஆட்டத்தில், பார்த்தவுடனே "இங்கே குதிரையை அந்த மூலைக்குக் கொண்டுபோ" என்கிற மாதிரி ஒரு யோசனையைக் காட்டும், அது மனிதப் பயிற்சியாளர் சொல்வது போலவே இருக்கும். அடைபட்ட நிலைகளில் இது பெரிய நிம்மதி. பழைய வேக இன்ஜின்கள் அங்கேதான் திணறும். 2008-இல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகாமுரா, அப்போதைய சாம்பியன் இன்ஜினான ரிப்காவுக்கு எதிராக ஒரு பிளிட்ஸ் (சில நிமிட) ஆட்டத்தில் பலகை முழுக்கச் சிப்பாய்களைப் பூட்டுப்போட்டுவிட்டு, காயை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தார். வெட்டும் இல்லாமல் சிப்பாயும் நகராமல் ஐம்பது நகர்வு போனால் விதிப்படி டிரா ஆகிவிடுமே என்று ரிப்கா தானாகவே காயைக் கொடுத்து நிலையைத் திறந்தது, 271 நகர்வில் தோற்றது. லட்சக்கணக்கில் நிலைகளைப் பார்த்து என்ன பயன், பார்த்த எல்லா நிலையிலும் ஒன்றுமே நடக்கவில்லை என்றால்?

லீலாவின் கோளாறு அதற்கு நேர் எதிர். வெட்டுக்குத்து நிலைகளில், அதிலும் இவ்வளவு மெதுவாக ஓடும்போது, கண்ணை மறைத்துவிடும். பையனின் இன்னோர் ஆட்டத்தில் யானையைப் பலி கொடுத்து ஆறு நகர்வில் மேட் இருந்தது, லீலா அதைப் பொருட்படுத்தாமல் வேறெங்கோ சிப்பாயை நகர்த்தச் சொன்னது. ஸ்டாக்ஃபிஷ் கண் சிமிட்டும் நேரத்தில் கண்டுபிடித்துவிட்டது. அழகாகப் பாடுகிறவர் தாளத்தை விட்ட மாதிரி ஒரு சங்கடம்.

கடைசி ஆட்டத்துக்கு வந்தால் இந்த இரண்டு பேருடைய சண்டையும் அர்த்தமில்லாமல் போய்விடுகிறது. எச் வரிசையில் ஒரு சிப்பாயும் வெள்ளைக் கட்டத்தில் போகும் பிஷப்பும் வைத்திருக்கிறீர்கள், எதிராளியின் ஒற்றை ராஜா கறுப்புக் கட்டமான எச்8 மூலையில் போய் உட்கார்ந்துவிட்டது என்றால் டிரா, எவ்வளவு முட்டினாலும் டிரா. இது ஒரு வரி அறிவு, பயிற்சி வகுப்பில் சேர்ந்த சில மாதத்தில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஒரு வரி இல்லாத பழங்காலத்து நிரல் எத்தனை கோடி நிலை பார்த்தாலும் "பிஷப்பும் சிப்பாயும் கூடுதல், ஜெயிக்கிறேன்" என்றே நம்பிக்கொண்டிருக்கும். இப்போது அதற்கும் மாவு அரைத்து வைத்துவிட்டார்கள். சிசிஜி அட்டவணைகளில் ஐந்து காய் வரை எல்லா நிலைக்கும் முடிவு எழுதப்பட்டிருக்கிறது, ஒரு ஜிபிக்குள் அடங்கும், இறக்கி ஸ்டாக்ஃபிஷுக்கு வழி காட்டிவிட்டால் போதும். ஆறு காய்க்கு 150 ஜிபி, என் வட்டில் இடமில்லை. ஏழு காய் பல டெராபைட், அதை வீட்டில் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அவர் மின்கட்டணத்தைப் பற்றிப் பேச எனக்கு ஆசை.

மூன்றாவது மாயா, நான் எதிர்பார்க்காமல் ரொம்பப் பிடித்துப்போனது. டொரன்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்த ஆய்விலிருந்து 2020-இல் வந்தது. லீலாவுக்குள்தான் ஓடும், ஆனால் நெட்வொர்க் கோப்பு வேறு. லீலா தனக்குத்தானே ஆடிக் கற்றது, மாயா லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் சாதாரண மனிதர்கள் ஆடிய லட்சக்கணக்கான ஆட்டங்களிலிருந்து கற்றது. 1100 முதல் 1900 வரை ஒவ்வொரு தரத்துக்கும் தனித்தனி, மொத்தம் ஒன்பது. இதை ஓட்டும்போது தேடலையே நிறுத்திவிட வேண்டும், ஒரே ஒரு நிலை, அதாவது இப்போது பலகையில் இருப்பது மட்டும். வேகம் என்ற பேச்சே இல்லை, முழுக்க அறிவு, அதிலும் நல்ல அறிவு இல்லை, 1500 தரத்துக்காரன் இந்த இடத்தில் என்ன செய்வான் என்ற அறிவு. ஏறக்குறைய இரண்டில் ஒரு தடவை அது அப்படியே சரியாகச் சொல்லிவிடுகிறது என்பது ஆய்வின் கணக்கு. விசிறி சத்தம் கிடையாது, அம்மாவும் மிக்ஸியைப் பற்றிக் கேட்கவில்லை.

ஸ்டாக்ஃபிஷின் தரத்தைக் குறைத்து வைத்துப் பிள்ளைகளை ஆடவிடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். குறைத்து வைத்த ஸ்டாக்ஃபிஷ் இருபது நகர்வு கிராண்ட்மாஸ்டர் போல ஆடும், திடீரென்று ராணியைச் சும்மா தூக்கிக் கொடுக்கும், மறுபடி கிராண்ட்மாஸ்டர் ஆகிவிடும். மாயா நம்மைப் போலவே தப்பு செய்யும். வெட்டக் கூடாத சிப்பாயை ஆசைப்பட்டு வெட்டும், பின்னால் இருக்கும் பிஷப்பை மறந்துவிடும்.

காசு கொடுத்து வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பலகை நிரல், ஆட்டத் தரவுத்தளம், பாடங்கள் இவற்றுக்குக் காசு கொடுப்பதில் தப்பில்லை, நல்ல பொருட்கள் இருக்கின்றன. இன்ஜின் பலத்துக்கென்று மட்டும் கொடுக்காதீர்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரு கடையில் "கிராண்ட்மாஸ்டர் ஸ்பெஷல்" என்று பென் டிரைவில் போட்டு இரண்டாயிரத்து சொச்சத்துக்கு விற்றார்கள், நண்பர் ஒருவர் மகளுக்காக வாங்கிவந்தார். திறந்து பார்த்தால் பெயரை மாற்றிய ஸ்டாக்ஃபிஷ், அதுவும் இரண்டு பதிப்பு பழசு. காசைத் திருப்பிக் கேட்டதற்கு "சீல் உடைச்சாச்சே சார்" என்றார்களாம்.

ஆக என் லேப்டாப்பில் இப்போது நான்கு இன்ஜின்கள் இருக்கின்றன. தப்பு கண்டுபிடிக்கப் புதிய ஸ்டாக்ஃபிஷ், ஓர் ஆட்டத்துக்கு ஒரு நகர்வுக்குப் பத்து நொடி போதும், ராத்திரி முழுக்க ஓடவிடுவதெல்லாம் நம் தரத்துக்கு மின்சார விரயம். திறப்பில் யோசனை தேட லீலா, பொறுமை இருக்கும் நாட்களில் மட்டும், அது சொல்வதை ஸ்டாக்ஃபிஷிடம் ஒரு தடவை காட்டிச் சரிபார்த்துவிட்டு. ஏன் என்று பையன் கேட்டால் ஸ்டாக்ஃபிஷ் 11-இன் அட்டவணை. ஆடிப் பழக மாயா.

பையன் போன வாரம் மாயா 1300-ஐ மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தான், உடனே 1500-க்குப் போகலாம் என்று அடம். போனோம். முப்பதாவது நகர்வில் மாயா ஒரு யானையைக் காவலில்லாமல் விட்டது, இவன் அதைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திவிட்டான், அடுத்த நகர்வில் மாயா யானையை நகர்த்திக் காப்பாற்றிக்கொண்டது. "சித்தப்பா, அதுவும் பார்க்கல, நானும் பார்க்கல" என்று விழுந்து விழுந்து சிரித்தான். தோற்றதும் அவன்தான்.